எடிட்டரை விடுங்கள், கமாண்டை ஓட்டுங்கள்

எங்கள் ஆபீசில் எழுதி ஒட்டாத ஒரு சட்டம் உண்டு. புல் ரிக்வெஸ்டில், அதாவது நிரலில் செய்த மாற்றத்தைச் சேர்க்கும்முன் மற்றவர்கள் பார்க்க அனுப்புவதில், டேபா ஸ்பேஸா, பிராக்கெட் எந்த வரியில் நிற்க வேண்டும், கமாவுக்கு அப்புறம் இடம் விட வேண்டுமா என்பதைப் பற்றியெல்லாம் ஒருவரும் கமெண்ட் போடக் கூடாது. போட்டால் அதைப் படிக்காமலே மூடிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அதற்கென்று ஃபார்மேட்டர், அதாவது நிரலின் இடைவெளியையும் வரிகளையும் ஒரே மாதிரி ஒழுங்கு செய்யும் கருவி, இருக்கிறது, டெர்மினலில் ஒரு வரி அடித்தால் அது பார்த்துக்கொள்ளும். பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள் "இதுக்கெல்லாம் ஒரு போஸ்டா" என்று சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளட்டும். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் ஐந்தாறு பேராக உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதும் இடங்களில் இது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. எடிட்டரில் 'சேவ் செய்யும்போது ஃபார்மேட் செய்' என்று ஒரு டிக் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை, அங்கேதான் தொல்லையே தொடங்குகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எழுதுவது ரப்பர் வியாபாரிகளுக்கான பில்லிங். குலசேகரம், அருமனை, களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இரண்டு பக்கமும் கடைகள். பாலாக வாங்குகிறவர்கள், ஷீட்டாக வாங்குகிறவர்கள், மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுபால் மட்டும் வாங்குகிறவர்கள் என்று பல ரகம். பில் தமிழிலும் வர வேண்டும், மலையாளத்திலும் வர வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்த விளவங்கோடு தாலுகாவே அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது, எல்லைக்கு இந்தப் பக்கமே மலையாளத்தில் ரசீது கேட்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. சர்வர் கோ மொழியில், கணக்கு ரிப்போர்ட்டுகள் பைத்தானில், திரையில் தெரிவது ஜாவாஸ்கிரிப்டில், எடை மெஷினிலிருந்து எண்ணை வாங்கும் பழைய புரோகிராம் சி மொழியில். நான்கு மொழி என்றால் நான்கு ஃபார்மேட்டர். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஆளுக்கொரு எடிட்டர்.

என்ன தொல்லை என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ரப்பர் பாலுக்கு விலை போடுவது எடைக்கு அல்ல, அதில் எத்தனை சதவீதம் உலர் ரப்பர் இருக்கிறது என்பதற்கு. டிஆர்சி என்பார்கள். 100 கிலோ பால், டிஆர்சி 33.45 என்றால் 33.45 கிலோ ரப்பருக்குக் காசு. இந்தக் கணக்கு இருக்கும் ஃபைலை எங்களோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி புது எடிட்டரில் திறந்து, ஏதோ ஒரு சின்ன வேலை பார்த்து, சேவ் செய்தான். எடிட்டர் தன் பங்குக்கு எல்லா டேபையும் ஸ்பேஸ் ஆக்கி, நீளமான வரிகளை மடக்கி, ஃபைல் முழுவதையும் மாற்றிவிட்டது. டிஃப்பை, அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பக்கத்தை, திறந்தால் மேலிருந்து கீழ்வரை சிவப்பும் பச்சையும். அதன் நடுவில் ஒரு வரியில், எத்தனை தசம இடம் வரை முழுமையாக்க வேண்டும் என்ற இடத்தில், 2 என்பது 0 ஆகியிருந்தது. யார் கண்ணுக்கும் படவில்லை, படவும் செய்யாது. 33.45 கிலோ 33 ஆகிவிட்டால், கிலோ 180 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பில்லில் 81 ரூபாய் போச்சு. பால் கொண்டுவருகிறவர்கள் படிக்காதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு, அன்று சாயங்காலமே கடைக்காரருக்குப் போன் வந்துவிட்டது, அவரிடமிருந்து எங்களுக்கு.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் டிஃப்பில் மைனஸ் டபிள்யூ (-w) என்ற ஆப்ஷனைப் போட்டால் இடைவெளி மாற்றங்களைக் காட்டாது, அப்படிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே வரிக்குள் நடந்த இடைவெளி மாற்றங்களுக்கு அது சரி. ஒரு வரி மூன்று வரியாக மடிந்திருந்தால் மைனஸ் டபிள்யூ உதவாது. அப்புறம், தினமும் ஞாபகம் வைத்து அதைப் போட்டுப் பார்க்கிற ஆள் யார்?

எனவே ஃபார்மேட்டரை நான் அழகுக்காகக் கேட்கவில்லை. அழகு யாருக்கு வேண்டும், கம்பைலருக்கா? டிஃப்பில் மாறியது மட்டும்தான் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எல்லோருடைய ஃபைலும், யார் எந்த எடிட்டரில் எழுதினாலும், கடைசியில் ஒரே உருவத்தில் ரெப்போவுக்குள், அதாவது எல்லோருடைய நிரலும் சேர்ந்திருக்கும் இடத்துக்குள், போக வேண்டும். பால் எந்தத் தட்டில் எப்படி உறைந்திருந்தாலும் ஷீட் அடிக்கிற மெஷினுக்குள் போய் வெளியே வந்தால் ஒரே தடிமன், ஒரே வரி வரியான அச்சு. அது மாதிரி.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் இந்தக் கருவியின் மீது பாதி பயம் போய்விடும். சும்மா இடைவெளியைத் தேடி மாற்றும் வேலை இல்லை இது. எங்கள் நான்கில் சி மொழிக்கானதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் நிரலைக் கம்பைலர் படிப்பது போலவே முழுதாகப் படித்து, அதன் அமைப்பைக் கிளை கிளையாக மரமாக்கி, நீங்கள் விட்ட இடைவெளியையும் (கோ மொழிக்கானதைத் தவிர மற்றவற்றில் வரி முறிவுகளையும்) பெரும்பாலும் தூக்கி எறிந்துவிட்டு, அந்த மரத்திலிருந்து புதிதாக எழுதித் தருகிறது. அதனால்தான் இலக்கணப் பிழை உள்ள ஃபைலைக் கொடுத்தால் தொட மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. நிரலுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளான கமெண்டுகள்தான் இதில் பெரிய தலைவலி, ஏனென்றால் கமெண்ட் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று மொழியின் இலக்கணம் சொல்வதில்லை, ஃபார்மேட்டர் ஊகிக்க வேண்டும். பைத்தானுக்கான பிளாக் இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றி எழுதிய பிறகு பழைய நிரலையும் புதிய நிரலையும் மறுபடி மரமாக்கி ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஃபைலில் கை வைக்காது. வேகம் வேண்டும் என்று இந்தச் சோதனையை அணைக்க ஒரு ஆப்ஷன் உண்டு, தயவுசெய்து தொடாதீர்கள்.

இந்த வகைக் கருவிகள் பழையவை. சி மொழிக்கான இன்டென்ட் 1976லேயே இலினாய் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. ஆனால் அதற்கு ஆப்ஷன்கள் கொள்ளை கொள்ளையாக, ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி ஒரு செட்டிங் ஃபைலை வீட்டு டைரக்டரியில் வைத்துக்கொள்ளலாம். சண்டை தீரவில்லை, செட்டிங் ஃபைலுக்கு இடம் மாறியது. 2009ல் கோ மொழி வெளியே வந்தபோது அதற்கான ஃபார்மேட்டரான கோஃபம்ட் (gofmt) கூடவே வந்தது, அதில் ஸ்டைலை மாற்ற வழியே கிடையாது. டேப் என்றால் டேப்தான். அந்த மொழியைச் செய்தவர்களில் ஒருவரான ராப் பைக்கே, அந்த ஸ்டைல் யாருக்கும் பிடித்த ஸ்டைல் இல்லை, ஆனாலும் அந்தக் கருவியை எல்லோருக்கும் பிடிக்கும் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். 2017ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர், 2018ல் பைத்தானுக்கு பிளாக், இரண்டும் ஏறக்குறைய இதே பிடிவாதத்தோடு வந்தவை. பிளாக் என்ற பெயரே, கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்திலும் கார் வாங்கிக்கொள்ளலாம் என்று ஹென்றி ஃபோர்டு சொன்னதாகச் சொல்லப்படும் அந்த வாசகத்திலிருந்து வந்தது.

எங்கள் இடத்தில் முதல் எதிர்ப்பு சேச்சியிடமிருந்து வந்தது. பாறசாலையிலிருந்து வருகிறவர், எங்களில் அனுபவம் கூடியவர், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் முழுக்க அவர் கைவேலை. பிரிட்டியர் ஓடி முடித்ததும் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "எனக்கு டேப்தான் இஷ்டம், இது என்ன ரெண்டு ஸ்பேஸ் போட்டு வச்சிருக்கு?" என்றார்.

"இதுல நம்ம இஷ்டம் ஒண்ணும் இல்ல சேச்சி."

"பின்னே யாரோட இஷ்டமாக்கும்?"

"யாரோடதும் இல்ல. அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்து செட்டிங் ஃபைல் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டார். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. செட்டிங் ஃபைலில் முதல் வரியை எழுதின அன்றே இரண்டாவது வரிக்கு ஆள் வந்துவிடுவார், இதை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரிட்டியரின் வரி அளவு 80, பிளாக்குடையது 88, பைத்தானின் பழைய ஸ்டைல் வழிகாட்டியில் 79. ஏன் 80 என்று தேடிப் போனால் 1928ல் ஐபிஎம் கொண்டுவந்த 80 நெடுவரிசை பஞ்ச் கார்டு வரைக்கும் போகும். 88 ஏன்? 80ஐ விடப் பத்து சதவீதம் கூட, அவ்வளவுதான் விளக்கம். இதிலெல்லாம் வாதாடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது. லினக்ஸ் கெர்னலில் ஒரு டேப் எட்டு இடம், மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனாலே உன் நிரல் சரியில்லை, திருத்து என்கிறது அவர்களுடைய வழிகாட்டி. அவர்களுக்கு அது ஓடுகிறது. எங்களுக்கு டீஃபால்ட் ஓடுகிறது. சேச்சிக்கு இப்போதும் டேப்தான் இஷ்டம், ஆனால் அதை டீக்கடையில் மட்டும் சொல்கிறார்.

சரி, எடிட்டரிலேயே இதைச் செய்துகொள்ளலாமே, கமாண்ட் லைன் எதற்கு? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். எடிட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், அது தனக்குள் ஃபார்மேட்டரின் ஏதோ ஒரு வெர்ஷனை வைத்திருக்கும், அல்லது மெஷினில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். பக்கத்து மேசையில் வேறு வெர்ஷன். பிளாக் தன் ஸ்டைலை வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் மட்டும்தான் மாற்றும் என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் ஒருவரிடம் போன வருடத்தது, இன்னொருவரிடம் இந்த வருடத்தது என்றால் இருவரும் மாறி மாறி ஒரே வரியை மடக்கிக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருப்பார்கள். கமாண்ட் லைன் கருவி என்றால் வெர்ஷனை ரெப்போவிலேயே எழுதிப் பூட்டலாம். பிரிட்டியரை நிறுவும்போது அச்சு அசலாக இந்த வெர்ஷன்தான் என்று பதியச் சொல்லி அவர்களுடைய டாக்குமென்டே பரிந்துரைக்கிறது. அப்புறம், அதே கமாண்டை சர்வரிலும் ஓட்டிச் சரிபார்க்கலாம், எடிட்டரை சர்வரில் ஓட்ட முடியாது.

எடிட்டரில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் கருவிகள் எல்லாமே உள்ளே வருவதைப் படித்து, திருத்தி, வெளியே துப்பத் தெரிந்தவை. கோஃபம்ட்டுக்கு ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால் உள்ளீட்டிலிருந்து படித்துத் திரையில் எழுதும். பிளாக்குக்கு ஃபைல் பெயருக்குப் பதில் ஒரு மைனஸ் கொடுத்தால் போதும். அதனால் விம் என்ற எடிட்டர் வைத்திருப்பவர் திறந்திருக்கும் ஃபைலை முழுதாக அதன் வழியே அனுப்பலாம், இன்னொருவர் சேவ் செய்யும்போது அதே கமாண்டைக் கூப்பிடும்படி வைக்கலாம். எல்லாம் கடைசியில் ரெப்போவில் பூட்டிய அந்த ஒரே கமாண்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

தினசரி வேலைக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். கோஃபம்ட் மைனஸ் எல் என்றால் ஒழுங்கில்லாத ஃபைல்களின் பெயரை மட்டும் சொல்லும், மைனஸ் டி என்றால் என்ன மாற்றும் என்று காட்டும், மைனஸ் டபிள்யூ என்றால் ஃபைலிலேயே எழுதிவிடும். பிளாக்கிலும் பிரிட்டியரிலும் செக் என்று ஒரு ஆப்ஷன், எதையும் மாற்றாமல் சரியா இல்லையா என்று மட்டும் சொல்லி, சரியில்லை என்றால் பூஜ்ஜியம் அல்லாத எக்ஸிட் கோடோடு, அதாவது தோல்வி என்று காட்டும் எண்ணோடு, வெளியே வரும். சிஐயில், அதாவது நிரல் வந்ததும் சர்வரில் தானாக ஓடும் சோதனைகளில், வைக்க வேண்டியது இதைத்தான். கோஃபம்ட் மைனஸ் எல் அப்படி இல்லை, பெயர்களைச் சொல்லிவிட்டு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பூஜ்ஜியத்தோடு போய்விடும், அதனால் அதன் வெளியீடு காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். இது தெரியாமல் சிஐயில் அப்படியே போட்டுவிட்டு 'எப்போதும் பச்சையாகவே இருக்கிறதே' என்று மகிழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சிஐயே ஃபார்மேட் செய்து, அந்த மாற்றத்தைக் கிட்டில் பதியும் கமிட்டும் போடும்படி சிலர் வைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதியதை என் மெஷினில் நானே பார்த்து அனுப்ப வேண்டும், சிஐ இல்லை என்று சொன்னால் போதும். கமிட்டுக்கு முன்பே ஓடும்படி ஹூக் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் ஹூக்கை யாரும் தாண்டிப் போகலாம், சிஐ செக்கைத் தாண்ட முடியாது.

கருவி எல்லாவற்றையும் தூக்கி எறியும் என்று மேலே சொன்னேன், இரண்டு இடத்தில் உங்கள் பேச்சையும் கேட்கும். பிளாக்கில் ஒரு பட்டியலின் கடைசியிலும் நீங்கள் கமா போட்டிருந்தால், அது ஒரே வரியில் அடங்குமென்றாலும் வரிக்கு ஒன்றாகவே விரித்து வைக்கும். கமாவை எடுத்தால் மடக்கிவிடும். பிரிட்டியரில் ஆப்ஜெக்டின் திறப்பு பிராக்கெட்டுக்கும் முதல் பெயருக்கும் நடுவில் வரி முறிவு இருந்தால் விரித்தே வைக்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் "அண்ணே, இது ஒரு நேரம் மடக்குது, ஒரு நேரம் விரிக்குது, கிறுக்கு பிடிச்சிருக்கா" என்று கேட்பது இதனால்தான். இது தெரிந்தால் டிஃப்பை இன்னும் சின்னதாக வைக்கலாம், பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் ஒரு வரிதான் மாறும்.

உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடம், பொய் சொல்லும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஆப்பிளுடையது. 2014 பிப்ரவரியில் ஐஃபோனுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வந்தது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி நிரலில், ஒரு இஃப் வரிக்குக் கீழே 'கோட்டு ஃபெயில்' (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது, பிராக்கெட் இல்லை. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் இரண்டும் அந்த இஃப்புக்குள் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். உண்மையில் இரண்டாவது வரி இஃப்புக்கு வெளியே, எப்போதும் ஓடும், கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் போகவே போகாது. ஃபார்மேட்டர் அந்தப் பிழையைத் திருத்தாது. ஆனால் ஓட்டியிருந்தால் அந்த இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து, இஃப்புக்கு வெளியே தனியாக நின்றிருக்கும், படிக்கிற யாராவது ஒருவர் இது ஏன் இங்கே என்று கேட்டிருப்பார். இதைக் கேள்விப்பட்டுவிட்டு பைத்தானிலும் அப்படிக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அங்கே உள்தள்ளல்தான் இலக்கணமே, ஒரு வரி லூப்புக்கு வெளியே வந்துவிட்டால் அது வெளியே இருக்க வேண்டியதுதான் என்று பிளாக் நம்பிவிடும்.

எடை மெஷின் புரோகிராம் சி மொழி என்றேன் அல்லவா, அதற்குக் கிளாங்-ஃபார்மேட். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடுவது, நெட்வொர்க் வழியாகவும் எடையை அனுப்பும். கிளாங்-ஃபார்மேட் டீஃபால்டாக இன்க்ளூட் வரிகளை, அதாவது ஹெட்டர் எனப்படும் வேறு ஃபைல்களை உள்ளே சேர்க்கும் வரிகளை, அகர வரிசையில் அடுக்கிவிடும். விண்டோஸில் வின்சாக்-2 ஹெட்டர் விண்டோஸ் ஹெட்டருக்கு முன்னால் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் ஹெட்டர் பழைய வின்சாக்கை உள்ளே இழுத்து வந்து ஒரே பெயர் இரண்டு முறை என்று கம்பைலர் கத்தும். ஆங்கில அகர வரிசையிலோ விண்டோஸ் முன்னால், வின்சாக் பின்னால். ஃபார்மேட் செய்ததும் பில்ட் உடையும் என்று இணையத்தில் புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலி வரி விட்டால் போதும், டீஃபால்ட் ஸ்டைலில் ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகத்தான் அடுக்கும். யாராவது காலி வரியை எடுத்துவிடாதபடி பக்கத்தில் ஒரு கமெண்டும் வைத்தோம். 'செட்டிங் வேண்டாம்' என்ற என் கொள்கை இங்கேயும் தப்பித்தது.

அந்த சி ஃபைல்களை முழுதாக ஃபார்மேட் செய்யவும் இல்லை. வருடத்தில் எப்போதாவது தொடுகிற நிரல், எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், ஓடிக்கொண்டிருப்பதைக் கிண்ட வேண்டாம். கிட் கிளாங்-ஃபார்மேட் என்று ஒரு துணைக் கருவி இருக்கிறது, நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் ஒழுங்கு செய்யும். பழைய நிரலுக்கு அது போதும்.

மற்ற மூன்றையும் ஒரே மூச்சில் செய்தோம், ஓணம் லீவுக்கு முந்தின நாள். பாதி ஆபீஸ் ஊருக்குக் கிளம்பும் நாள், எப்படியும் எல்லோரும் கையில் இருக்கும் பிராஞ்சை, அதாவது தனியாக வைத்து எழுதும் பிரதியை, மெர்ஜ் செய்து (பொது நிரலோடு சேர்த்து) முடிப்பார்கள். திறந்த பிராஞ்சுகள் இருக்கும்போது ரெப்போ முழுவதையும் ஃபார்மேட் செய்தால் அப்புறம் ஒவ்வொருவரும் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதும் கான்ஃபிளிக்டில் உட்கார வேண்டியதுதான். மொழிக்கு ஒரு கமிட், அதில் ஃபார்மேட்டைத் தவிர வேறு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. 'கூடவே இந்தச் சின்ன பக்கையும் சரி செய்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இப்படிச் செய்தால், வரிக்கு வரி யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கெட்டுப்போகும், ஒவ்வொரு வரியையும் ஃபார்மேட் செய்தவர்தான் எழுதினார் என்று காட்டும் என்பது நியாயமான பயம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23லிருந்து அதற்கு வழி இருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி, பிளேமுக்கு அந்த ஃபைலைக் காட்டிக் கொடுத்தால் அவற்றைத் தாண்டி அதற்கு முந்தைய ஆளைக் காட்டும். எண்ணைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். மெயின் பிராஞ்சுக்குள் போன பிறகு இருக்கும் எண்ணை எழுத வேண்டும் என்பதையும் கவனியுங்கள், ஸ்குவாஷ் செய்து (பல கமிட்டை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்தால் எண் மாறிவிடும். அதனால் அந்த ஃபைல் எப்போதும் அடுத்த கமிட்டில்தான் வரும். ஒவ்வொருவரும் தன் மெஷினில் ஒருமுறை கிட் கான்ஃபிக்கில் அந்த ஃபைலின் பெயரைச் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, எனக்கும் கோஃபம்ட்டுக்கும் ஒரே ஒரு சண்டை உண்டு. பில்லில் வரும் சொற்களுக்குத் தமிழ்-மலையாளப் பட்டியல் ஒன்று கோ நிரலுக்குள்ளேயே ஒரு மேப்பாக இருந்தது, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். இப்படிப்பட்ட பட்டியலில் வலப்பக்க மதிப்புகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது கோஃபம்ட்டின் பழக்கம். ஆங்கிலத்தில் அம்சமாக இருக்கும். தமிழில் கோணல்மாணலாக வந்தது. காரணம் என்னவென்றால், அது எழுத்தை எண்ணவில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. 'ஷீட்' நமக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு: ஷ, ஈகாரக் குறி, ட, புள்ளி. 'ரப்பர்' நான்கு எழுத்து, ஆறு குறி. 'ஒட்டுபால்' ஐந்து எழுத்து, ஒன்பது குறி. புள்ளி திரையில் தனி இடம் எடுத்துக்கொள்வதில்லை, மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அதற்கும் ஒரு இடம் கணக்கில் வைத்து அந்த அளவுக்கு ஸ்பேஸ் குறைத்துப் போடும். புள்ளி கூடிய சொல்லுக்குப் பக்கத்தில் இடம் குறைவு, இல்லாத சொல்லுக்குப் பக்கத்தில் அதிகம். கோஃபம்ட் பயன்படுத்தும் டேப்ரைட்டர் என்ற நூலகத்தின் டாக்குமென்டிலேயே, எல்லா யூனிகோடு குறிக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொள்கிறோம், சேர்ந்து நிற்கும் குறிகளுக்கு இது சரியாக வராது என்று எழுதியிருக்கிறார்கள். தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள், பக் என்று புகார் கொடுக்கவும் முடியாது.

கையால் ஸ்பேஸ் போட்டு நேராக்கினால் அடுத்த முறை ஓடும்போது மறுபடி அதன் வழிக்கே கொண்டுபோய்விடும். கோஃபம்ட்டில் இந்தப் பகுதியை விட்டுவிடு என்று சொல்ல கமெண்டும் கிடையாது. பிளாக்கிலும் கிளாங்-ஃபார்மேட்டிலும் பிரிட்டியரிலும் அந்த வசதி உண்டு. எங்களில் ஒருவர் இடப்பக்கத்துக்கு ஆங்கிலக் குறியீடு வைத்துவிடலாம் என்றார், ஆனால் வியாபாரி போனில் 'ஒட்டுபால் எழுத்து தப்பா வருது' என்று சொன்னால் தேட வேண்டியது ஒட்டுபால் என்ற சொல்லைத்தானே. கடைசியில் அந்தப் பட்டியலை நிரலிலிருந்து வெளியே எடுத்து ஜேசான் என்ற வடிவில் ஒரு தரவு ஃபைலில் போட்டு, கோ 1.16ல் வந்த எம்பெட் வசதியால் பில்ட் செய்யும்போது உள்ளே சேர்த்துக்கொண்டோம். ஜேசானை பிரிட்டியர் பார்த்துக்கொள்கிறது, அது மதிப்புகளை நேர்கோட்டில் நிறுத்த முயல்வதே இல்லை, ஒரு ஸ்பேஸ் விட்டு அப்படியே எழுதிவிடும். இப்போது மலையாளச் சொல்லில் பிழை இருந்தால் சேச்சியே அந்த ஃபைலைத் திறந்து திருத்திவிட்டு கமாண்டை ஓட்டி அனுப்பிவிடுகிறார், டிஃப்பில் ஒரே ஒரு வரி.